மூன்றா, எட்டா

ஆறரை மணி. இன்னும் இருட்டு.
கில்ன்ஸி கிராமத்தின் கடைசி வீட்டைத் தாண்டி
ஆரஞ்சுக் காய் காய்த்த முட்புதர்களுக்கு நடுவே
ஸ்லாவெக் வலைக் கம்பங்களை இழுத்துக் கட்டுகிறான்.
விரிக்கும்போது வலை தெரிவதில்லை.
பனித்துளி கோத்த பிறகுதான்
அங்கே ஒன்று இருப்பதே தெரிகிறது.

இரவெல்லாம் கீழைக் காற்று.
"இன்று கொட்டும்" என்றாள் இமோஜென்,
மழையைச் சொல்வதுபோல.
கொட்டியது.

முதல் சுற்றிலேயே பதினேழு துணிப்பை.
கொக்கியில் தொங்கும் ஒவ்வொன்றும்
தானாகக் கொஞ்சம் அசைகிறது,
சந்தையில் வாங்கிய கத்தரிக்காய்
மனம் மாறிவிட்டதுபோல.

உச்சியில் பொன் கோடு போட்ட குருவி.
வடகடலை ஒரே மூச்சில் கடந்து வந்தது.
பழைய ஃபிலிம் டப்பாவுக்குள் தலைகீழாக இறக்கித்
தராசில் வைத்தால்
ஐந்து புள்ளி ஒன்று கிராம்.

எனக்கு கிராம் என்றால் பவுன்தான்.
திங்கள் முதல் சனி வரை
ஹல் நகரத்து அடகுக் கடையில்
நிறுத்து, உரசி, கண்ணில் லென்ஸ் இடுக்கி
முத்திரை படித்துச் சீட்டு எழுதுகிறவன்.
முக்கால் பவுன்கூட இல்லை, என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
நெஞ்சு இறகை ஊதி விலக்கினாள்:
மஞ்சளாய்க் கொழுப்பு இருக்கவேண்டிய குழியில்
சிவந்த சதை மட்டும்.
இருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டு வந்திருக்கிறது.
"பூஜ்யம்" என்றாள்.
பூஜ்யம் என்று எழுதினேன்.

ஒரு ராபின் ஒன்பது மணிக்குள்
நான்கு முறை சிக்கியது.
நான்காம் முறை ஸ்லாவெக் பையைத் தேடவேயில்லை.
போலிஷில் ஏதோ திட்டி
அங்கேயே பறக்கவிட்டான்.

தேநீர் ஆறியது. மறுபடி போட்டோம். அதுவும்.

பதினொன்றரைக்கு வந்தது அது.
கரிச்சான் கறுப்பு, ஆனால் கரிச்சான் இல்லை,
இங்கே பிளாக்பேர்ட் என்பார்கள்.
மஞ்சள் அலகு, வயதான ஆண்.
வலக்காலில் ஏற்கெனவே வளையம். எங்களுடையதல்ல.
தேய்ந்து தேய்ந்து சிகரெட் காகிதமாய் மெலிந்தது.
நார்வே என்பதில் பாதி இருந்தது.
எண்ணில் ஐந்து இலக்கம் தெளிவு.
ஆறாவது...

"உன் லென்ஸ் இருக்கிறதா?"
ஞாயிற்றுக்கிழமையும் சட்டைப்பையை விட்டுப் போகாத சனியன்,
இருந்தது.
அவள் பிடித்திருக்க, நான் குனிந்தேன்.
முகம் தெரியாதவர்களின் கல்யாணத் தேதிகளை
மோதிரங்களின் உட்புறத்தில்
இருபது வருடமாகப் படித்த கண்.
விளக்கைச் சாய்த்தேன்.
பறவையின் இதயம் வளையத்தையும் உலுக்கியது.
"மூன்றா, எட்டா?"

கடையில் தயங்கமாட்டேன்.
தயங்கினால் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்
விலையை ஏற்றுவார்.
வாய் தானாக எட்டு என்று தொடங்கியது.
எட்டு என்றால் ஒரு பறவை.
மூன்று என்றால் வேறு பறவை,
வேறு மரம், வேறு வருடம்,
கையில் பிடித்தது வேறு யாரோ.

தெரியவில்லை, என்றேன்.

கட்டத்தில் கேள்விக்குறி போடச் சொன்னாள்.
என் சீட்டுகளில் அதற்குக் கட்டமே கிடையாது.

வளையமிட்ட பறவை பிறகெங்காவது கிடைப்பதற்கு
இவர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.
மனதுக்குள் தமிழாக்கினால், மீட்பு.
பெரும்பாலும் செத்துத்தான் கிடைக்கும்:
பூனை, ஜன்னல் கண்ணாடி, அலை ஒதுக்கிய பாசி.
எங்கள் கடையிலும் அதே சொல்.
வட்டியோடு வந்து நிற்பார்கள்.
வராதவர்களின் மோதிரங்கள்
ஆறு மாதம் பெட்டியில் கிடக்கும்,
அப்புறம் ஜன்னலுக்குப் போகும்.

இடக்காலில் புது வளையம். இடுக்கியால் ஓர் அழுத்தல்.
கையை விரித்தாள்.
அது நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை.
சிக் சிக் சிக்கென்று மூவரையும் ஏசிக்கொண்டே
தாழப் பறந்து முட்புதருக்குள் போனது.

ஒரு மணிக்குக் காற்று திரும்பி வலைகள் உப்பின.
சுருட்டிக் கட்டினோம்.
வாய்க்கணக்கில் நூற்று நாற்பத்தொன்று,
ஏட்டில் நூற்று நாற்பது.
இடித்தது.
எங்கே விட்டேன் என்று
மேலிருந்து விரல் வைத்துக்கொண்டே வந்து
சிரித்துவிட்டேன்.
நான்காவது ராபின்.
விட்டது நானில்லை,
ஸ்லாவெக்.